இன்ஜின் ஓடினால்தான் சம்பளமா?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் என் அண்ணன் மகன் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். அங்கேயே பிறந்து வளர்ந்தவன். மணிக்கு 28 டாலர் சம்பளம் என்று அவன் சொன்னதும், வாரம் 40 மணி நேரம், வருஷத்துக்கு 58,000 டாலர் என்று வீட்டில் நாங்களே பெருக்கி வைத்துக்கொண்டோம். போன ஆகஸ்டில் ஒரு நாள் முழுக்க அவனோடு பயிற்சிப் பள்ளியில் இருந்த பிறகுதான் எங்கள் கணக்கு எவ்வளவு தப்பு என்று புரிந்தது.

காலை ஏழு மணிக்குப் போனோம். முதல் மாணவனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது எப்படித் தரையிறக்குவது என்று அண்ணன் மகன் அவனுக்குப் பலகையில் படம் போட்டு நாற்பது நிமிஷம் விளக்கினான். பிறகு செஸ்னா 172 விமானத்தின் அருகே போனார்கள். மாணவன் இறக்கைக்கு அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருளைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். இவன் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் கவனித்தான். ஒன்றைத் தவறவிட்டாலும் உயிருக்கு ஆபத்து. அதில் இன்னும் அரை மணி நேரம்.

இதற்கெல்லாம் சம்பளம் கிடையாது. விமானத்துக்குள் ஹாப்ஸ் மீட்டர் என்று சின்னதாக ஒரு எண் பெட்டி இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது மட்டும் நகரும். ஆறு நிமிஷத்துக்கு ஒரு எண். “அது ஓடினாத்தான் எனக்குக் காசு, சித்தப்பா” என்றான்.

அன்று முதல் மாணவனோடு 1.3 மணி நேரம், அடுத்தவரோடு 1.2 மணி நேரம். மதியம் கருமேகம் திரண்டு இடி இடித்தது. ஃபுளோரிடா கோடையில் இது அன்றாடம் நடப்பது. மீதி இரண்டு வகுப்புகளும் ரத்து. மாலை ஆறு மணிக்கு அவன் கணக்கு எழுதினான்: 70 டாலர். பள்ளியில் இருந்தது 11 மணி நேரம். மணிக்கு 6 டாலர் 36 சென்ட்! அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியே 7 டாலர் 25 சென்ட். அதுவும் 2009க்குப் பிறகு உயரவே இல்லை. அவனுடைய ஒரு மணி நேரத்துக்கு மாணவரிடம் பள்ளி வாங்குவது 75 டாலர். போன வருஷம் முழுக்க அவன் மீட்டர் காட்டியது 740 மணி நேரம், கைக்கு வந்தது 20,720 டாலர். பயிற்சிக்கு வாங்கிய கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல் நிற்கிறது.

நம் ஊர் ஆட்டோவுக்குக்கூடக் காத்திருப்புக் கட்டணம் உண்டு.

சட்டம் கேட்காதா? சட்டமேதான் வழிவிடுகிறது. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் விதி, கல்வி நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் இரண்டிலிருந்தும் விலக்கு அளிக்கிறது. அந்த ஆசிரியர் பட்டியலில் விமானப் பயிற்சியாளர்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். வேறு சில பள்ளிகள் அவர்களை ஊழியராகவே காட்டாமல் ஒப்பந்தக்காரராக வைத்துக்கொள்கின்றன. அப்போது முதலாளி கட்ட வேண்டிய வரிப் பங்கும் பயிற்சியாளர் தலையில் விழுகிறது.

பயிற்சியாளர்கள் இதைப் பொறுத்துக்கொள்வதற்கும் காரணம் உண்டு. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் துணை விமானி முன்பு பயிற்சியாளராக இருந்தவர். வருஷச் சம்பளம் சுமார் 16,000 டாலர் என்று விசாரணையில் சொல்லப்பட்டபோது நாடே அதிர்ந்தது. முந்தின இரவு சியாட்டிலிலிருந்து விமானங்களில் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். அதையடுத்து வந்த சட்டத்தால், 2013லிருந்து விமான நிறுவனத்தில் சேரப் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். முன்பு 250 மணி நேர உரிமத்தோடு துணை விமானியாகச் சேர முடிந்தது. இடைப்பட்ட அந்த மணி நேரங்களைச் சேர்க்கப் பயிற்சி கொடுப்பதுதான் பலருக்கும் இருக்கிற வழி. அந்தக் கட்டாயத்தைப் பள்ளிகள் மலிவுக் கூலியாக்கிக்கொண்டன. குறைந்த சம்பளமும் களைப்பும் ஒழிய வேண்டும் என்று விபத்துக்குப் பிறகு அத்தனை பேர் அழுதார்கள். அந்தச் சுமை விமான நிறுவனத்திலிருந்து பயிற்சிப் பள்ளிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு பயிற்சியாளர் 24 மணி நேரத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் பறந்து கற்பிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. தரையில் நிற்கும் நேரம் அதில் சேராது. ஆக, அவன் களைப்பையும் அந்த மீட்டரை வைத்தே அளக்கிறார்கள். 1,500 மணி நேரத்தை எட்டியதும் பயிற்சியாளர் கிளம்பிவிடுவார். பாதியில் நிற்கும் மாணவர் புதியவரிடம் பழைய பாடத்தையே மறுபடி காசு கொடுத்துப் படிக்க வேண்டும்.

ஆசிரியர் விலக்குப் பட்டியலிலிருந்து விமானப் பயிற்சியாளரைத் தொழிலாளர் துறை எடுக்க வேண்டும். வானிலையால் வகுப்பு ரத்தானாலும் வேலைக்கு வந்த நாளுக்கு ஒரு உறுதித் தொகை வேண்டும். நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை அங்கே பயிற்சிக்கு அனுப்பும் நம் பெற்றோரும், பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்கலாம்: பயிற்சியாளருக்குத் தரையில் கற்பிக்கும் நேரத்துக்கும் சம்பளம் உண்டா? இல்லை என்றால் வேறு பள்ளி பாருங்கள்.

அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, காலையில் வந்த பையன் கொட்டகை ஓரமாக வந்து உட்கார்ந்தான். கடைசியாகத் தரையிறக்கியதில் தான் எங்கே தடுமாறினோம் என்று கேட்டான். அண்ணன் மகன் ஒரு காகிதத்தில் ஓடுபாதையை வரைந்து, சக்கரம் தரை தொடும் இடம்வரை நிதானமாகச் சொல்லிக்கொடுத்தான். முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்துக்குப் பள்ளி அவனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.