காணாமற்போன கொட்டகை

"என்னங்க, என் கொட்டகை எங்கே?"

அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பிய என் மனைவி, பெட்டியைக்கூடத் திறக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கேட்ட முதல் கேள்வி இது. நான் பத்திரிகையால் முகத்தை நன்றாக மறைத்துக்கொண்டேன்.

கொட்டகை என்றால் கொல்லைப்புறத்துக் கொட்டகை அல்ல. 'ஸ்டார்டியூ வேலி' என்றொரு விளையாட்டு. எரிக் பாரோன் என்ற அமெரிக்கர் தனி ஆளாக உட்கார்ந்து, படமும் பாட்டும் கதையும் தாமே செய்து, 2016-ல் வெளியிட்டது. தாத்தா விட்டுப்போன நிலத்தில் உழுது, விதைத்து, மாடு கோழி வளர்க்க வேண்டும். பருவம் நாலு, பருவத்துக்கு 28 நாள். இரவு படுத்துத் தூங்கினால்தான் அன்றைய வேலை பதிவாகும். என் மனைவி மூன்று வருஷமாக இந்தப் பண்ணையைக் கவனித்து வருகிறாள். என்னைக் கவனிப்பதை விடக் கொஞ்சம் அதிகமாகவே என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இந்த விளையாட்டுக்கு வேறு பலர் எழுதிச் சேர்க்கும் இணைப்புகளுக்கு 'மாட்' என்று பெயர். அவற்றைச் சேர்த்துக்கொடுக்கும் கருவி 'ஸ்மாபி'. மனைவியின் பெரிய கொட்டகை அப்படி ஒரு மாட் தந்தது.

கல்யாணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, 'டிஸ்கில் இடமில்லை' என்று கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. அடியேன் துடைப்பம் எடுத்தேன். பெயர் புரியாத போல்டர்களையெல்லாம் கழித்தேன். அதில் அந்த மாட்டும் ஒன்று. மாட் போயிற்று, கூடவே மாடும் போயிற்று!

எப்படி என்கிறீர்களா? பண்ணையைத் திறக்கும்போது, தனக்குத் தெரியாத கட்டடம் ஒன்று பதிவில் இருந்தால் விளையாட்டு திணறிப்போகும். அப்படி ஆகாமலிருக்க ஸ்மாபி அந்தக் கட்டடத்தை நீக்கிவிட்டு, திரையில் ஒரு சிறு எச்சரிக்கையும் காட்டும். அப்போதே விழித்துக்கொண்டு, தூங்காமல் வெளியே வந்துவிட்டால் ஒன்றும் நஷ்டமில்லை. திங்களும் செவ்வாயும் மனைவி விளையாடினாள். கல்யாண அவசரம்; எச்சரிக்கை கண்ணில் படவில்லை. பண்ணையில் அப்போது குளிர்காலம். குளிர்காலத்தில் மாடுகள் வெளியே வராது. கொட்டகையோ கோடியில் இருப்பது. அவள் பாட்டுக்குச் சுரங்கத்துக்குப் போனாள், வந்தாள், தூங்கினாள். தூங்கத் தூங்கக் கொட்டகையில்லாத பண்ணையே பதிவாயிற்று.

முந்தின நாள் பதிவை விளையாட்டே '_ஓல்ட்' என்று வால் ஒட்டி ஒரு பிரதி வைக்கிறது. அது ஒரே ஒரு நாளைக்குத்தான். இரண்டு இரவு தூங்கினால் அதுவும் போச்சு.

ஆனால் ஸ்மாபி இதைவிடச் சமர்த்து. விளையாட்டைத் தொடங்கும்போதே, நாளைக்கு ஒரு தடவை, பண்ணை முழுவதையும் ஜிப் கட்டி, தேதி போட்டு, 'சேவ்-பேக்கப்ஸ்' என்ற போல்டரில் வைத்துவிடுகிறது. கடைசிப் பத்து இருக்கும். பதினோராவது வந்தால் மூத்தது போகும். ஆக, திங்கட்கிழமை கட்டிய ஜிப்பில் கொட்டகை பத்திரமாக இருந்தது.

'இருந்தது' என்று சொன்னேன் அல்லவா? மனைவி ஊருக்குப் போன சனிக்கிழமை நான் மறுபடியும் துடைப்பம் எடுத்தேன். 'பேக்கப்' என்ற பெயரைப் பார்த்தேன். பழைய குப்பைதானே என்று தூக்கினேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். பத்து ஜிப்பும் சேர்ந்தால் இரண்டு மூன்று சினிமாப் பாட்டு அளவுகூட இராது என்பதைப் பிறகு என் பையன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"இடம் வேண்டுமென்றால் என்னைக் கேட்டிருக்கலாமே, அப்பா! என் ஸ்கைரிம் பக்கம் எத்தனை கிடக்கிறது!" என்றான்.

ஸ்கைரிம் 2011-ல் வந்த விளையாட்டு. அதன் மாட்களைத் திருத்த அவன் 'எஸ்.எஸ்.இ. எடிட்' என்ற கருவியை வைத்திருக்கிறான். அதில் ஒரு பைலைத் திருத்திச் சேமிக்கும்போதெல்லாம் பழைய பிரதி ஒன்று தேதி, மணியுடன் தனி போல்டருக்குப் போகிறது. தானாகக் கழிவதில்லை, குட்டி போட்டுக்கொண்டே இருக்கிறது. கம்பெனி கொடுத்த அசல் பைல்களின் பிரதியைத் தாராளமாக எறியலாமாம். 'ஸ்டீம்' கடையில் பைல்களைச் சரிபார்க்கச் சொன்னால் அசலைத் திரும்ப இறக்கித் தந்துவிடும். அப்படி இறக்கினால், செய்த திருத்தத்தை மட்டும் மறுபடி செய்துகொள்ள வேண்டும். ஆனால் அவனே கைப்பட எழுதிய சின்னஞ்சிறு மாட்டின் பிரதி எந்தக் கடையிலும் கிடையாது. தடியானதை எறி, ஒல்லியானதை வை என்கிறான். நான் செய்தது நேர் தலைகீழ்.

மனைவி சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "சிவகாமியும் அதில்தான் இருந்தாள்" என்றாள்.

சென்ற வருஷம் என் மாமியார் எங்களோடு ஆறு மாதம் தங்கியிருந்தார். சாயங்காலங்களில் மகள் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு பண்ணையைப் பார்ப்பார். "அந்த வெள்ளைப் பசுவுக்குச் சிவகாமின்னு வை. எங்க வீட்டுப் பசு பேரு" என்று அவர் சொன்னதுதான் அந்தப் பெயர். தை மாதம் அவர் காலமாகிவிட்டார்.

நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பையன் கூப்பிட்டான். தீபாவளிக்கு முன்னால் கம்ப்யூட்டரைப் பிரித்து வேறு டிஸ்க் போட்டபோது, ஜாக்கிரதைக்காக அம்மாவின் பண்ணைப் பதிவையும் மாட் போல்டரையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தானாம். அவனுக்கே மறந்துபோயிருந்தது. மனைவி அவசரமாகப் பண்ணையைத் திறக்கப் போனாள். "இரும்மா! முதலில் மாட்களைப் போடணும். அப்புறம் பண்ணை. இல்லாவிட்டால் மறுபடியும் கொட்டகையை நீக்கிவிடும்" என்று தடுத்தான். பண்ணைப் பதிவை மட்டும் எடுத்து வைத்திருந்தால், அந்த மாட்டைத் தேடி அலைய வேண்டியிருந்திருக்கும். இரண்டையும் ஒன்றாக எடுக்க அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ! நான் இல்லை.

கொட்டகை வந்தது. தீபாவளிக்குப் பின் நட்ட பழ மரங்கள் இல்லை; கட்டிய மீன் குளம் இல்லை; பண்ணைக் கணக்கில் ஒன்றரை வருஷம் போயே போய்விட்டது. மனைவி அதையெல்லாம் பார்க்கவேயில்லை. நேரே கொட்டகைக்குள் போய் அந்த வெள்ளைப் பசுவைத் தடவிக்கொடுத்தாள். தலைக்கு மேல் சின்னதாக ஓர் இதயம் தோன்றி மறைந்தது.

பென் டிரைவ் இப்போது பீரோவில், நகைப் பெட்டிக்குள் இருக்கிறது. சாவி என்னிடம் இல்லை.