ஆம்ப்ளிஃபயர் இரைகிறதா?

1939-ல் தொடங்கிய திருச்சி வானொலியைக் கேட்காமல், ஸ்ரீரங்கத்தில் என் மாமியாருக்குக் காலைக் காபி இறங்காது. ரேடியோவை இணைத்திருந்த சின்ன ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் 'ம்ம்ம்' என்று இரைய ஆரம்பித்தது. திறந்தால், பெரிய ஃபில்டர் கண்டென்சர் தலை உப்பியிருந்தது.

12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரானாலும், டயோடைத் தாண்டியதும் 16, 17 வோல்ட் ஆகிவிடும். அங்கே 16 வோல்ட் கண்டென்சர் எத்தனை நாள் தாங்குமாம்? 1000 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 2200, 25 வோல்ட்டாக வாங்கி நானே சால்டர் வைத்தேன். இரைச்சல் அடங்கிவிட்டது! மைனஸ் கோடு போட்ட கால் பழைய இடத்திலேயே வரணும், மாற்றினால் வெடிக்கும்.

பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் கழித்தே தொடுங்கள், கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கு வருவதோ 230 வோல்ட். தவழும் குழந்தை உள்ள வீட்டில், பால் பொங்குகிறதென்று மூடியைத் திறந்துபோட்டு ஓடாதீங்க; பால் போனால் போகட்டும்.