தாளும் திரையும்

ஓவியமும் எழுத்தும் இணைந்து கதை சொல்லும் கலை சித்திரக்கதை. சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று நெடுங்காலம் ஒதுக்கிவைக்கப்பட்ட இக்கலை, இன்று உலகத் திரைப்படத்துறைக்குக் கதைகளை வழங்கும் பெரும் ஊற்றுகளுள் ஒன்றாகத் திகழ்கிறது. சித்திரக்கதை ஒன்று திரைக்கு வரும்போது, ‘புத்தகத்தில் உள்ளபடியே எடுத்திருக்கிறார்களா?’ என்பதே பலரும் முதலில் கேட்கும் கேள்வி. அக்கேள்வி மட்டும் போதாது. கதையின் உயிர் காக்கப்பட்டதா, அதைப் படைத்தவர் மதிக்கப்பட்டாரா என்னும் இரு கேள்விகளையும் நாம் கேட்க வேண்டும்.

கட்டங்களுக்கு இடையில்

சித்திரக்கதையின் பக்கம் ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். ஒரு கட்டத்தில் ஒருவன் கல்லை ஓங்கியபடி நிற்கிறான். அடுத்த கட்டத்தில் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. கல் கண்ணாடியில் பட்ட நொடியை ஓவியர் வரையவே இல்லை. இரு கட்டங்களுக்கும் இடையிலுள்ள மெல்லிய வெண்ணிற இடைவெளியில் அந்நொடியை மனத்தால் வரைந்துகொள்பவர் வாசகரே. அமெரிக்க ஓவியர் ஸ்காட் மெக்ளவுட், 1993இல் வெளியிட்ட தம் நூலில் இவ்விடைவெளியின் ஆற்றலை விரிவாக விளக்கினார். காலமும் வாசகரின் கையில்தான் இருக்கிறது. விரும்பிய கட்டத்தில் அவர் நின்று பார்க்கலாம். முந்தைய பக்கத்துக்கு மீளலாம். பேச்சுக்குமிழிகளில் உள்ள சொற்களுக்குக் குரல் கொடுப்பவரும் அவரே.

திரைப்படம் இதற்கு நேர்மாறானது. நொடிக்கு 24 படங்களாக ஓடும் திரையில் நம் கண் இடைவெளியை உணர்வதில்லை. குரலை நடிகரும் உணர்வை இசையும் வேகத்தை இயக்குநரும் முடிவு செய்கின்றனர். ஆகவே, ஒரு கட்டத்தைக் கோடு பிசகாமல் திரையில் காட்டினாலும் அது அதே கட்டமாக இருப்பதில்லை.

இதனால் திரைப்படத்தைத் தாழ்ந்ததாகக் கருதிவிடக் கூடாது. ஜப்பானிய ஓவியர் கெய்ஜி நகசாவா, 1945இல் ஹிரோஷிமா மீது அணுகுண்டு வீசப்பட்டபோது ஆறு வயதுச் சிறுவர். அவ்வனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு, 1973 முதல் ‘வெறுங்கால் கென்’ என்னும் சித்திரக்கதையை அவர் வரைந்தார். 1983இல் அது இயங்குபடமாக வெளிவந்தது. நூலில் அப்பேரழிவின் பக்கங்களைத் தாங்க இயலாதவர் நூலை மூடிவைத்துவிட்டுப் பிறகு தொடரலாம். திரையிலோ அக்காட்சி நமக்காக நிற்பதில்லை. தப்ப வழியற்றிருந்த மக்களின் நிலையை அந்த நிற்காத ஓட்டமே உணர்த்திவிடுகிறது. ஒரே துயரத்தைத் தாள் ஒரு வழியிலும் திரை வேறொரு வழியிலும் நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கின்றன.

மாற்றமும் மரியாதையும்

நல்ல தழுவலுக்குப் ‘பெர்சபோலிஸ்’ சிறந்த சான்று. ஈரானில் பிறந்த மார்ஜான் சத்ராபி, புரட்சியும் போரும் சூழ்ந்த தம் இளமைக் காலத்தை 2000 முதல் 2003 வரை நான்கு தொகுதிகளாகப் பிரெஞ்சு மொழியில் சித்திரக்கதையாக வெளியிட்டார். 2007இல் வின்சென்ட் பரோனோவுடன் இணைந்து அதை அவரே திரைப்படமாக்கினார். அப்படம் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுப் பரிசைப் பெற்றது. நூல் முழுவதும் கருப்பு வெள்ளையில் அமைந்தது. படத்திலோ, பாரிசு விமான நிலையத்தில் நிகழும் இன்றைய காட்சிகள் வண்ணத்திலும், நினைவில் எழும் ஈரான் பெரும்பாலும் கருப்பு வெள்ளையிலும் அமைந்துள்ளன. நூலில் இல்லாத இவ்வேறுபாட்டைப் படைத்தவரே சேர்த்தார். தாய்நாட்டைப் பிரிந்தவரின் ஏக்கத்தைச் சொல்லத் திரைக்கு அது தேவைப்பட்டது. மாற்றம் எல்லாமே துரோகம் அன்று என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமோ?

பெல்ஜிய ஓவியர் எர்ஜேயின் டின்டின் கதைகளை 2011இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் கணினி வரைகலைப் படமாக்கினார். எர்ஜே வரைந்த டின்டினின் முகத்தில் இரண்டு புள்ளிகளே கண்கள். மற்றவை சில கோடுகள். அந்த எளிமையால்தான் எந்நாட்டுச் சிறுவனும் அம்முகத்தில் தன்னைக் காண முடிந்தது. திரையில் தோலின் நுணுக்கமும் மயிரிழையும் தெரியுமாறு அம்முகம் முழுமை பெற்றபோது, அந்த எளிமை குறைந்துபோயிற்று என்பதே என் கருத்து. எனினும், படத்தின் தொடக்கத்தில் எர்ஜேயின் சாயலுடைய தெருவோர ஓவியர் ஒருவர் டின்டினின் முகத்தைப் பழைய கோட்டோவியமாகவே தீட்டிக் கொடுக்கிறார். 1983இல் மறைந்த படைப்பாளிக்குத் திரை செலுத்திய மரியாதை அது.

திரை பட்ட கடன்

எல்லாப் படைப்பாளர்களுக்கும் அம்மரியாதை எளிதில் கிடைத்துவிடவில்லை. ஜெர்ரி சீகல் எழுத, ஜோ ஷூஸ்டர் வரைந்த சூப்பர்மேன், 1938இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் தோன்றினான். அவனுக்கான உரிமையை இளைஞர் இருவரும் 130 டாலருக்கு விற்றிருந்தனர். தொடக்கத்தில் சூப்பர்மேன் பறக்கவில்லை. கட்டடங்களைத் தாவிக் கடந்தான். 1941இல் வெளிவரத் தொடங்கிய இயங்குபடங்களில் அத்தாவல் பறத்தலாக மாறியது. பின்னர்ச் சித்திரக்கதையும் அதனை ஏற்றுக்கொண்டது. தாளிடமிருந்து பெற்ற திரை தாளுக்கும் கொடுத்தது.

ஆனால், படைத்த இருவருக்கும் அத்திரை என்ன கொடுத்தது? பெரும் பொருட்செலவில் சூப்பர்மேன் திரைப்படம் உருவாகவிருந்த 1975ஆம் ஆண்டில் சீகல் தம் குறையைப் பொதுவெளியில் முறையிட்டார். ஷூஸ்டருக்கோ அப்போது பார்வை பெரிதும் மங்கியிருந்தது. சக ஓவியர்கள் துணைநின்று குரல் எழுப்பிய பின்னரே இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், படைப்பாளர் என்னும் பெயரும் கிடைத்தன. 1978இல் வெளியான படத்தில் அவர்களது பெயர் இடம்பெற்றது. ஒரு பெயர் திரையில் தோன்றும் சில நொடிகளுக்காக அவர்கள் பல பத்தாண்டுகள் காத்திருந்தனர்.

நம் பொறுப்பு

திரைப்படம் வந்தபின் நூலுக்குத் தேவையில்லை என்பர் சிலர். திரைப்படமே நூலுக்கு வாசகரைத் தேடித் தருகிறது என்பர் வேறு சிலர். இவற்றுள் எது மெய்யாகும் என்பது பார்வையாளராகிய நம்மைப் பொறுத்தது. படம் முடிந்தவுடன் எழுந்து செல்வோர்க்கு முதற்கூற்றே மெய்யாகும். கதை யாருடையது என்று அறிய முற்பட்டு, நூலைத் தேடி எடுப்போர்க்கு இரண்டாம் கூற்று மெய்யாகும்.

மாணவர்களே! அடுத்த முறை இத்தகைய படம் ஒன்றைக் காணும்போது பெயர்ப்பட்டியல் ஓடும்வரை காத்திருங்கள். எழுதியவர் யார், வரைந்தவர் யார் எனத் தேடிப் படியுங்கள். பின்னர் அந்நூலைக் கையில் எடுங்கள். கட்டங்களுக்கு இடையிலுள்ள வெண்ணிற இடைவெளி எந்தத் திரையாலும் நிரப்பப்படாமல், உங்கள் கற்பனைக்காகவே காத்திருக்கிறது.