விரல் அறியுமா விடையின் பொருளை?

ஒரு குடும்பம் மூன்று வட்டிக்கு 50,000 ரூபாய் கடன் பெற எண்ணுகிறது. ஓராண்டுக்கு வட்டி எவ்வளவு ஆகும் எனத் தந்தை வினவுகிறார். மேல்நிலை வகுப்பில் பயிலும் மகள், கைப்பேசியில் 50,000 ரூபாய்க்கு 3 விழுக்காடு கண்டு, 1,500 ரூபாய் என விடை கூறுகிறாள். கருவி பிழை செய்யவில்லை. ஆயினும், விடை பிழையானது. தமிழ்நாட்டு வழக்கில் மூன்று வட்டி என்பது நூறு ரூபாய்க்கு மாதந்தோறும் மூன்று ரூபாய். எனவே, ஓராண்டு வட்டி 18,000 ரூபாய். அந்த 1,500 ரூபாயை நம்பித் தந்தை கையொப்பமிட்டால், குடும்பத்தின் நிலை என்னாகும்?

கருவி, தன்னிடம் கேட்கப்பட்ட வினாவுக்கே விடையளிக்கும். கேட்க வேண்டிய வினா எது என்பதை அஃது அறியாது. 2 + 3 × 4 என்பதை வரிசையாக அழுத்தினால், எளிய கணிப்பான்கள் பல 20 என்று காட்டும். அறிவியல் கணிப்பானோ 14 என்று காட்டும். பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்னும் விதியை அறிந்தவரே சரியான விடையைத் தேர்ந்தெடுப்பர். அறியாதவர், கைக்குக் கிடைத்த கருவி சொன்னதை ஏற்பர்.

கருவியே கூடாது என்பாரும் உளர். அக்கருத்தும் முழுமையானதன்று. அக்காலத் திண்ணைப் பள்ளி மாணவர், எண்சுவடியின் துணையால் முந்திரி எனப்படும் 1/320 வரையிலான பின்னங்களையும் மனனம் செய்தனர். அப்பயிற்சி மனக்கணக்கில் விரைவைத் தந்தது. எனினும், பொருளுணராமல் வாய்பாட்டை ஒப்பிப்பதற்கும் பொருளுணராமல் பொத்தானை அழுத்துவதற்கும் வேறுபாடு மிகுதியில்லை. முன்னதில் நா உழைக்கிறது. பின்னதில் விரல் உழைக்கிறது. இரண்டிலும் அறிவு உறங்குகிறது.

ஆகவே, கருவியை விலக்குவதன்று, அதனை உரிய இடத்தில் வைப்பதே அறிவுடைமை. 49 × 21 என்பதைக் கணக்கிடுமுன், 50 × 20 = 1,000 என்று மனம் மதிப்பிட வேண்டும். அவ்வாறு மதிப்பிட்டவர், விரல் தவறிக் கருவி 10,290 என்று காட்டினால் உடனே ஐயுறுவர். மீண்டும் கணக்கிட்டு 1,029 என்னும் சரியான விடையை அடைவர். மதிப்பிடாதவருக்கோ இரண்டும் வெறும் எண்களே. பேரெண்களைப் பெருக்கும் சுமையைக் கருவியிடம் ஒப்படைக்கலாம். விடை பொருந்துமா என்று ஆராயும் பொறுப்பை ஒப்படைத்தல் ஆகாது.

முதலில் மதிப்பீடு, பின்னர்க் கருவி, இறுதியில் ஒப்பீடு என்னும் முறையை மாணவர் பழகிக்கொள்ளுதல் வேண்டும். பள்ளிக் கணக்கில் நேரும் பிழை ஒரு மதிப்பெண்ணோடு முடிந்துவிடும். கடன் பத்திரத்தில் நேரும் பிழையோ தலைமுறையையும் வாட்டும். கணக்கிடும் திறனைக் கருவி தரலாம். கணக்கை உணரும் திறனை மாணவரே வளர்த்துக்கொள்ள வேண்டும்.