தகவற் பலகைகளில் தமிழ் கடைசி வரியாகலாகாது

2018 ஒக்டோபரில் டுபாயில் நடைபெற்ற றம்சார் மாநாட்டில், உலகில் முதன்முறையாக ஈரநில நகரங்களாக அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாகும். பெத்தகான, தியசரு போன்ற பூங்காக்கள் இன்று மாணவர்களையும் குடும்பங்களையும் ஈர்த்து வருகின்றன. ஆயினும் பூங்காவொன்று பார்வையாளருக்கு எதைக் கற்பிக்கின்றது என்பது அங்கு நாட்டப்படும் தகவற் பலகைகளிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

2010 நவம்பர் வெள்ளம் பாராளுமன்ற வளாகத்தையே சூழ்ந்தது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி பகுதிகள் நீரில் மூழ்கின. தமிழ் பேசும் மக்கள், குறிப்பாக முஸ்லிம்கள், கணிசமாக வாழும் பிரதேசங்கள் இவை. மழைநீரைத் தேக்கி மெதுவாக வெளியேற்றும் சதுப்பு நிலத்தை மண்ணிட்டு நிரப்பினால் அந்நீர் வீடுகளை நாடி வரும். இவ்வுண்மையை முதலில் அறிய வேண்டியவர்கள் வெள்ளத்தால் பாதிக்கப்படுபவர்களே. அவர்களது மொழியில் அது சொல்லப்படாவிடின் பலகையின் நோக்கமே பிழைத்துவிடும்.

1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும் பொது இடங்களில் பிழை மலிந்த தமிழைக் காண்பது நமக்குப் பழகிப்போன ஒன்றாகிவிட்டது. ஏனைய மொழிகளில் வாசகம் முடிவான பின்னர் தமிழை அவசரமாகப் பெயர்த்து, எஞ்சிய இடத்தில் சிறிய எழுத்தில் பொறிப்பதே இதற்குப் பிரதான காரணமாகும். திட்டமிடும் கட்டத்திலேயே மூன்று மொழிகளுக்கும் சம அளவு இடம் ஒதுக்கப்பட வேண்டும்.

ஒரு பலகைக்கு ஒரு கருத்துப் போதுமானது. அதுவும் அவ்விடத்தில் நின்று கண்ணால் காணக்கூடியதாக இருத்தல் வேண்டும். உதாரணமாக, கொழும்புச் சதுப்பு நிலங்களில் அடர்ந்து பரவியுள்ள அன்னோனா கிளாப்ரா எனும் மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ஆக்கிரமிப்பு இனமாகும். அதன் பசுமையை மட்டும் காண்பவர் அதனை இயற்கைச் செழிப்பென்றே எண்ணுவார். விஞ்ஞானப் பெயரை மாத்திரம் பொறித்த பலகை இத்தவறான எண்ணத்தைப் போக்காது. மாறாக, அம்மரம் உள்ளூர்த் தாவரங்களின் இடத்தைப் பறிப்பதை இரு வாக்கியங்களில் விளக்கும் பலகையே பயனுடையது.

கண்டல், தில்லை, நாரை, மீன்கொத்தி என மக்கள் நாவில் வழங்கும் பெயர்கள் நம்மிடமுண்டு. 2010 இல் றம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட மன்னார் வங்காலையிலும், மட்டக்களப்பு வாவிக் கரையிலும் வாழும் மீனவர்கள் இச்சொற்களின் உரிமையாளர்கள். அகராதியில் புதுச்சொல் தேடுவதை விடுத்து இவர்களிடம் கேட்டறிவதே முறையாகும்.

அச்சிடுவதற்கு முன்னர் தமிழ் வாசகத்தை ஆசிரியர்களும் மாணவர்களும் படித்துப் பார்க்கச் செய்தால் பெரும்பாலான பிழைகளைத் தவிர்க்கலாம். இதற்குச் செலவும் அதிகமில்லை. சம்பந்தப்பட்ட அதிகாரிகள் இதனை மொழிச் சலுகையாகக் கருதாது, ஈரநிலங்களைக் காக்கும் பணியின் ஓர் அங்கமாகவே கருத வேண்டுமென வலியுறுத்துகின்றோம்.