கை இருக்கிறதாம், நட்டஈடு எதற்காம்?



மழைக்காலத்தில் மலையில் வழுக்கி விழாத ஆள் நம்மில் யார்? றத்தோட்டை, எல்கடுவ, கம்மடுவப் பக்கத்துச் சரிவுகளில் கொழுந்துக் கூடையோடு கானைத் தாண்டும்போது கால் சறுக்கினால் கையைத்தான் முதலில் ஊன்றுகிறோம். உடம்புப் பாரமும் கூடைப் பாரமும் உள்ளங்கையில் இறங்குகின்றன. மணிக்கட்டுக்கு ஓர் அங்குலம் மேலே, பெருவிரல் பக்கத்து எலும்பு முறிகிறது. அதுதான் ஆரை எலும்பு. அயர்லாந்து டொக்டர் ஏப்ரகாம் கோலிஸ் இந்த முறிவைப் பற்றி 1814இலேயே எழுதினார். நமது தோட்டங்களில் இன்றும் அதற்குப் பெயர் ‘சுளுக்கு’.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் மாவட்டத்துத் தோட்டமொன்றில் ஓர் அம்மா வேலை நேரத்தில் இப்படி விழுந்தார். தைலம் தடவித் துணி சுற்றி லயத்துக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் கை வீங்கி, வளைந்து கிடந்தது. நாங்கள்தான் அவரைக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தோம். ஆறு வாரம் கட்டுப் போட்டார்கள். கட்டு அவிழ்த்ததும் அதே கிலோ கேட்டார்கள். குறைந்தபோது அரைப் பெயர் போட்டார்கள். நட்டஈடு கேட்கப் போனோம். “கை இருக்கிறதே, விரலும் அசைகிறதே” என்றார்கள்.

கை இருக்கிறது. ஆனால் திரும்பவில்லை!

இதை நீங்களே பாருங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புங்கள். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்கும். ஆரை எலும்புதான் அதன்மேல் குறுக்காக உருண்டு கையைத் திருப்புகிறது. முழங்கையில் அதன் வட்டத் தலை ஒரு நார் வளையத்துக்குள் சுழல்கிறது. முறிந்த எலும்பு கோணலாகவோ கட்டையாகவோ பொருந்திவிட்டால் இந்தத் திருப்பம் குறைகிறது, பிடியும் தளர்கிறது. பிறகு கொழுந்தை எட்டிக் கூடையில் போடுவது எப்படி? றப்பர் மரத்தில் கத்தியைத் திருப்புவது எப்படி? பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதும், சம்பளத்தை உள்ளங்கை விரித்து வாங்குவதும் இந்த எலும்பு திரும்பினால்தான்.

“கவனமில்லாமல் விழுந்தாய்” என்பது அடுத்த சாட்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் கேட்பது, வேலையின்போது வேலை காரணமாக விபத்து நடந்ததா என்பதையே. முதலாளியின் பிழையை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. “வயதாகிவிட்டது, எலும்பு தேய்ந்துவிட்டது” என்பது இன்னொன்று. மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு மெலிவது உண்மைதான். அந்த உடம்பைத்தானே நாள்தோறும் மலைக்கு ஏற்றுகிறார்கள்!

விரல் போனால் இவ்வளவு, கை போனால் இவ்வளவு என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, உழைக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்று டொக்டர் மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீட்டை யாரும் கேட்காததால்தான் நிர்வாகம் தப்பிக்கிறது.

எனவே விழுந்த அன்றே கங்காணியிடமும் தலைவரிடமும் சொல்லுங்கள். விபத்துப் பதிவில் நாள், நேரம், மலை இலக்கம் எழுதப்பட்டதா என்று பாருங்கள். கூட நின்றவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வீங்கிய மணிக்கட்டுக்கு எண்ணெய் தேய்க்காமல் எக்ஸ்ரே கேளுங்கள். கட்டுப் போட்டிருக்கும்போது விரல்களை மடக்கி நீட்டுங்கள். இல்லாவிட்டால் அவையும் விறைத்துவிடும். கட்டு அவிழ்த்தபின் கை எவ்வளவு திரும்புகிறது என்பதை டொக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பம் எழுத நாங்கள் இருக்கிறோம்.

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது மூன்று. கான்களுக்குப் பாலமும் சரிவுகளுக்குப் படியும் வேண்டும். ஒவ்வொரு விழுகையும் பதிவாக வேண்டும். முறிந்த கை தேறும்வரை அதே கிலோவைக் கேட்கக் கூடாது.

கொழுந்துக் கணக்கில் ஒரு கிலோ குறைந்தால் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, திரும்பாத கையையும் கணக்கில் எழுதத் தெரிய வேண்டும். எழுத வைப்போம்!