புட்டிச் சில்லும் பாலமும்

சென்னை ஹைக்கோர்ட்டின் உத்திரவையொட்டி 2022-ஆம் வருஷம் மே மாதத்தில் நீலகிரி ஜில்லாவில் ஓர் ஏற்பாடு தொடங்கிற்று. டாஸ்மாக் கடையில் மதுப்புட்டி ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொணர்வோருக்கு அத்தொகையைத் திருப்பித் தருவதென்பது அதன் சாரம். காடுகளில் எறியப்பட்ட சில்லுகள் வனவிலங்குகளின் கால்களைக் கிழித்து வந்ததே அதற்குக் காரணம். பின்னர் வேறு சில ஜில்லாக்களுக்கும் அது பரவிற்று. மது விற்பனையைப் பற்றி ஒருவருடைய அபிப்பிராயம் எதுவாயினும் ஆகுக. விற்றவருக்கே புட்டியின் பொறுப்பும் உண்டென்ற நியாயம் இதனால் நிலைபெற்றது. ஆனால் உடைந்துபோன சில்லின் கதி யாது? அதுவே இன்று நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

முழுப் புட்டியைக் கழுவி மறுபடி நிரப்புவதே உத்தமம். நிறம் பிரித்து உலையில் உருக்கி வார்ப்பது மத்திமம். பச்சையும் பழுப்பும் கலந்து, மண்ணும் பீங்கானும் சேர்ந்த சில்லையோ உலைக்காரர் விரும்புவதில்லை. அது குப்பைமேட்டையே அடைகிறது; அங்கே மக்குவதுமில்லை. இதனைக் கட்டிட வேலைக்குக் கொள்ளலாகாதா?

சாதாரணப் புட்டிக் கண்ணாடியில் நூற்றுக்கு 70 பங்கு சிலிகா என்னும் மணற்சத்தே. ஆற்றுமணல் அருகிவிட்ட இந்நாளில், சில்லை நொறுக்கி மணலுக்குப் பதிலாக இட்டால் போதுமென்று சிலர் அவசரமாய் முடிவு கட்டுகின்றனர். அது ஆபத்து. சிமெண்டிலுள்ள காரம் சிலவகைக் கற்களின் சிலிகாவோடு கூடிப் பசையாகி, நீரைக் குடித்து வீங்கிக் கான்கிரீட்டைப் பிளக்கும் என்பதைக் காலிபோர்னியாவில் தாமஸ் ஸ்டாண்டன் என்னும் என்ஜினீயர் 1940-இல் எடுத்துக் காட்டினார். கண்ணாடிச் சில்லுக்கும் அக்குற்றம் உண்டு.

எனினும் அதே சில்லை 0.075 மில்லிமீட்டருக்கும் நுண்ணிய பொடியாக அரைத்துவிட்டால் குற்றமே குணமாகிறது. அப்பொடி சிமெண்டு இறுகும்போது வெளிப்படும் சுண்ணாம்போடு கூடி, தானும் ஒரு பிணைப்புப் பொருளாகிறது. இது நமக்குப் புதிய தத்துவமன்று. சுண்ணாம்போடு செங்கற்பொடியைச் சேர்த்த சுர்க்கிக் காரையின் பலமும் இதுவே. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுந்ததன்றோ?

கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் சர்க்கார் நிறுவனமே மது விற்கிறது. அந்நிறுவனம் ஷெர்புரூக் சர்வகலாசாலையின் கண்ணாடி ஆராய்ச்சிக்குப் பொருளுதவி புரிந்தது. அதன் பயனாக மான்ட்ரியாலின் டார்வின் பாலங்களைப் புதுப்பித்துக் கட்டியபோது, சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கண்ணாடிப்பொடி இடப்பட்டது. அமெரிக்காவில் 2020-இல் இப்பொடிக்கெனத் தனித் தரவிதியே வெளியாயிற்று. மனிதர் வெளியிடும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டுத் தொழிலால் வருவது. ஆகவே சிமெண்டில் குறையும் ஒவ்வொரு மூட்டையும் லாபமே.

நிலக்கரிச் சாம்பல் மலிவாய்க் கிடைக்கையில் இது எதற்கு என்பர். நெய்வேலிக்கும் எண்ணூருக்கும் அருகில் அக்கேள்வி நியாயமே. ஆனால் மலைமேல் சாம்பலை ஏற்றுவதற்கும் கூலி உண்டு; சில்லைக் கீழே இறக்குவதற்கும் கூலி உண்டு. சில்லு குவியும் இடத்திலேயே அரைத்து, அங்குள்ள நடைபாதைக் கற்களுக்கு முதலில் இட்டுச் சோதிப்பதே விவேகம். பாலம் பிறகு வரட்டும்.

சர்க்கார் செய்யவேண்டியவை மூன்று: சில்லைத் தனியே சேகரித்தல்; நம் நாட்டுக் கண்ணாடிக்கேற்ற தரவிதி வகுத்தல்; மராமத்து இலாகாவின் ஒப்பந்தங்களில் இப்பொடிக்கு இடமளித்தல். புட்டி விற்று வரும் வருமானம் பொக்கிஷத்தை அடைகிறது. உடைந்த சில்லு மட்டும் யானையின் காலை அடைவது எந்த நியாயம்?